பட்டினி போட்டால் கொதிக்கும்

நாள் 212 | 06:10
இரண்டாம் நிலையம். எழுதுபவர்: மெற்றில்டா, உலைப் பொறுப்பு. எங்கள் உலை ஒரு குட்டிக் கருந்துளை. இரும்புத்தூள் சீராகப் போகிறது. குழாய்களைப் பார்த்துக்கொள்ளும் சூசை, டீத்தூள் தீர்ந்துவிட்டதென்று விடிந்ததிலிருந்து புலம்புகிறான்.

நாள் 212 | 09:40
வெப்பம் லேசாக ஏறி, மணி அடித்தது. சட்டென்று தூள் வால்வை மூடிவிட்டேன். முன்பு வேலை பார்த்த அனல் மின் நிலையத்துப் பழக்கம்: சூடு ஏறினால் தீனியை நிறுத்து. கருந்துளைக்கு எல்லாமே தலைகீழ். தின்றால் பெருத்துக் குளிரும், பட்டினி போட்டால் இளைத்துக் கொதிக்கும். பயிற்சியில் கடகடவென்று ஒப்பித்தவள்தான் நான். கைக்கு உறைக்கவில்லை.
சூசை ரேடியோவில்: "யக்கா, தூள் வரலியே. குழாய் அடைச்சிருக்கோ?"
ஆமாம் என்றேன். வெட்கம்தான், வேறென்ன. உடனே கவச உடை மாட்டிக்கொண்டு, குழாயைத் தட்டிவிட வெளியே கிளம்பிவிட்டான்.

நாள் 212 | 10:25
"தட்டிட்டேன்க்கா. வருதா பாருங்க."
அப்போதுதான் வால்வைத் திறந்தேன். முன்பே திறந்திருக்கலாம். குட்டு வெளிப்பட்டுவிடுமே என்று அவன் தட்டும்வரை காத்திருந்தேன். அதுவரை அவன் அந்தக் கொதிப்புக்கு எதிரே, கதிர்வீச்சில் நின்றான். அந்த உடை அதைத் தாங்காது.
தலைமையகத்துக்கு அனுப்பிய அறிக்கை: குழாய் அடைப்பு, சூசை சரிசெய்தார்.

நாள் 214 | 17:00
சூசைக்கு வாந்தி நிற்கவில்லை. தோல் உரிகிறது. எல்லா நிலையங்களிலிருந்தும் அவனுக்குப் பாராட்டு. மகளுக்கு அவன் அனுப்பிய செய்தி: "எம் மவளே, அப்பா ஒரே தட்டுல நிலையத்தையே காப்பாத்திட்டேன் பாத்துக்க." ஒலிப்பதிவுக் கருவியைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான். அனுப்பும் பொத்தானையும் நானே அழுத்தினேன்.

நாள் 215 | 04:30
சூசை போய்விட்டான். கொன்றது நான். இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும், இதுதான் உண்மையான அறிக்கை. இன்னும் யாருக்கும் அனுப்பவில்லை.

நாள் 219 | 11:15
மூன்றாம் நிலையத்திலிருந்து பானு. அங்கே உலைப் பொறுப்பு; அனல் மின் நிலையத்தில் என்னோடு ஒரே கொதிகலனில் வேலை பார்த்தவள்.
"யக்கா, இங்கயும் சூடு ஏறுது. தூள் வரல. அடைப்புதான். சூசையண்ணன் செஞ்ச மாதிரி தட்டச் சொல்லி ரெண்டு பேர வெளிய அனுப்பியிருக்கேன்."

11:17
பதில் அனுப்பினேன்: "உடனே உள்ளே கூப்பிடு. உன் வால்வைத் திற. இங்கே அடைப்பே இல்லை, நான் பொய் சொன்னேன். சூசை செத்தது என்னால்."
போய்ச் சேர நாற்பது நிமிடம் ஆகும். கடவுளே, இந்த ஒரு தடவை.

11:31
பானுவின் அடுத்த செய்தி; அதுவும் நாற்பது நிமிடம் முன்பு அங்கிருந்து கிளம்பியது. என் பதில் இன்னும் பாதி வழிகூடப் போகவில்லை.
"தட்டிட்டாங்கக்கா. தூள் வந்துருச்சு."
குரல் நடுங்குகிறது. அங்கேயும் அடைப்பு இல்லை, மூடிய வால்வுதான். அது அவளுக்கும் தெரியும்.