ஃபிரிட்ஜ் பிளக்கில் கார்

என்னங்க,

பத்து மணிக்கு எலக்ட்ரீஷியன் வர்றார். மீட்டர்ல இருந்து உங்க எலக்ட்ரிக் கார் நிக்கிற இடம் வரைக்கும் தனி லைன் இழுக்கச் சொல்லிட்டேன். புது அடுப்புக்குச் சேர்த்த பணம் பீரோவுல இருக்கு, அதைக் கொடுங்க.

இந்தச் செலவு வேண்டாம்னுதான் நேத்து அவ்வளவு கத்தினேன். காலையில பார்த்தா, ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கிட்டு, ஜன்னல் வழியா ஒயர் விட்டு காருக்கு சார்ஜ் போட்டிருக்கீங்க. நல்லா நாலு கேள்வி கேக்கலாம்னுதான் வந்தேன். பால் பாக்கெட்டுக்கு ஈரத்துணி சுத்தி வாளித் தண்ணியில படுக்க வச்சிருந்தீங்க பாருங்க, கோபம் எங்க போச்சுன்னே தெரியல.

பால் கெடல. காபி பிளாஸ்க்ல இருக்கு. ஃபிரிட்ஜை மறுபடி மாட்டிட்டேன்.

சமையலறைச் சுவத்துல ஓட்டை போட விடாதீங்க.

மறந்துட்டேன்: உங்க கார்ல ஏறவே மாட்டேன்னு நேத்து சொன்னேன்ல, சாவியைத் தேடாதீங்க. நான்தான் ஓட்டிட்டுப் போறேன்.