ஷைனியின் கல்யாணமும் நீலத் திரையும்

ஜூன் 9, செவ்வாய்

காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. புது லேப்டாப்பின் திரை இன்றும் நீலமானது. சோக முகம் ஒன்று, கீழே ஏதோ ஆங்கிலம், பிறகு தானாக அணைந்து மறுபடி எழும்புகிறது. வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. மகளோடு வீடியோவில் பேசும்போதுதான் அதிகம் வருகிறது. "அப்பா, சர்ச்சுல வச்சு..." என்றாள் ஷைனி. அத்தோடு போயிற்று. திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. வேலைக்குக் கிளம்பியிருப்பாள்.

சனிக்கிழமை மெல்பர்னில் அவள் கல்யாணம். எனக்கு விசா கிடைக்கவில்லை. பெரிய திரையில் பார்க்கத்தான் இதை வாங்கியது.

பாறசாலைக் கடைக்கு பஸ்ஸில் கொண்டுபோனேன். கடைக்காரன் பிஜு: "சாரே, இது புதுசாக்கும். அப்டேட் போட்டா செரியாவும்." போட்டான். வீட்டுக்கு வந்து திறந்தேன். நீலம்.

ஜூன் 10, புதன்

மழை. கஞ்சி, துவையல்.

கம்பெனி உதவி எண்ணில் ஒரு பெண். சென்னைத் தமிழ். மெமரி சோதனை ஓடவிடச் சொன்னாள். அது முடியும்வரை லைனிலேயே இருந்தாள்.

"அங்க மழையா சார்? சத்தம் கேக்குது."

"ஓ, நல்ல மழ உண்டு. மேல தகர ஷீட்டாக்கும்."

இப்படி யாராவது கேட்டு எத்தனை நாளாயிற்று. என் மனைவி லில்லி இறந்ததைச் சொன்னேன். ஷைனி கல்யாணம், மாப்பிள்ளையின் வேலை, எல்லாம். கடைசியில் மெமரியில்தான் கோளாறு. மாற்றித் தரக் கடைக்குத் தகவல் போகும் என்றாள்.

"வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

வேண்டாம் என்றேன்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு வத்சலா, வேலிக்கு அப்பால்: "அண்ணா, சனியாழ்ச்ச நாங்களும் வரட்டா? பிள்ளைய பட்டுசேலையில காணணும்." மெஷின் சரியில்லை, வரவேண்டாம் என்றுவிட்டேன். எல்லார் முன்னாலும் நீலமானால்? அவள் முகம் வாடிவிட்டது.

ஜூன் 12, வெள்ளி

வெயில், அப்பாடா. மெமரி மாற்றியாயிற்று. பிஜு கடையில் வெகுநேரம் வீடியோ ஓட்டிப் பார்த்தோம். ஒரு கோளாறும் இல்லை.

வத்சலாவைக் கூப்பிடப் போனேன். வீடு பூட்டிக்கிடக்கிறது. பனச்சமூட்டில் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறார்களாம், ஞாயிறுதான் வருவார்களாம். பால்காரன் சொன்னான்.

வேட்டிக்கு இஸ்திரி போட்டேன்.

ஜூன் 13, சனி

குளித்து, புது வேட்டி, சட்டை. ஆரம்பிக்கும் முன்பே உட்கார்ந்துவிட்டேன். படம் அவ்வளவு தெளிவு. சர்ச்சில் முதல் வரிசை நாற்காலியில் என்னை வைத்திருந்தார்கள், அதாவது ஷைனியின் லேப்டாப்பை. மாப்பிள்ளை வந்து நின்றான். பாட்டு தொடங்க, எல்லோரும் எழுந்தார்கள். யாரோ நாற்காலியை இடித்துவிட்டார். அதற்குப் பிறகு தெரிந்தது கோட் போட்ட ஒருவரின் முதுகு, கொஞ்சம் கூரை.

"எலே, கொஞ்சம் மாறி நில்லுங்க மக்கா" என்றேன். உரக்கவும் சொல்லிப் பார்த்தேன். அங்கே சத்தத்தை அணைத்து வைத்திருப்பார்கள்.

போதகர் கேட்டது காதில் விழுந்தது. ஷைனி சம்மதம் சொன்னதும். அழுதாளா என்று குரலை வைத்துத் தெரியவில்லை. கைதட்டல். என் லேப்டாப் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

வெகுநேரம் கழித்து அவள் முகம், திரை முழுக்க. தலை நிறையப் பூ. லில்லியின் அதே மூக்கு.

"அப்பா, எல்லாம் கண்டீங்களா?"

"தெளிவா கண்டேன் மக்கா. தாலி கெட்டினதுவரை."

"போட்டோ எடுக்க நிக்காங்க அப்பா. பிறகு விளிக்கேன்."

சரி என்றேன். இன்னும் சோறு வைக்கவில்லை.