உன் வளையலில் தொங்கிய ஊக்குகள்

ஏட்டி,

இன்று கல்லூரியில் பொங்கல். மைதானத்தில் துறைக்கு ஓர் அடுப்பு மூட்டி, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார்கள். நான் ஆசிரியர் அறையில் முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். வாசலில் ஒரு குரல்: "மேடம், ஊக்கு இருக்கா?" என் கை தானாக வளையலுக்குப் போயிற்று. அதில் எப்போதும் இரண்டு மூன்று ஊக்குகள் கோத்துக் கிடக்கும். உன்னிடமிருந்து தொற்றிய பழக்கம். போன ஐப்பசியில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பவில்லை. வீட்டுக்கு வந்து கொஞ்சம் அழுதுவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இதே கல்லூரியில்தான் நாம் எம்.எஸ்.சி. படித்தோம். நீ பசுவந்தனைக்காரி, எனக்கு நாகலாபுரம். அப்போது நான் சட்டை பேண்டில் வரும் பையன். உள்ளுக்குள் பெண் என்பதை உன் ஒருத்தியிடம்தான் சொன்னேன், சைக்கிள் ஸ்டாண்டில் வைத்து. "அதுக்கு ஏம்லே இம்புட்டு நடுங்குத? நீ நீதான?" என்று சொல்லி, என் கையிலிருந்த டீயை வாங்கிக் குடித்துவிட்டாய்.

பொங்கலுக்கு ஒவ்வொரு வகுப்புப் பெண்களும் ஒரே நிறத்தில் சேலை எடுப்பது நம் கல்லூரி வழக்கம். பையன்களுக்கு அதே நிறத்தில் சட்டை. முதல் வருடம் சேலைக்கு ஆள் சேர்த்தது நீதான். வகுப்பு நிறைந்திருக்கும்போது ஒவ்வொருத்தியாகக் கேட்டுக்கொண்டே வந்தவள், என் பெஞ்ச் பக்கம் திரும்பி, வாயெல்லாம் பல்லாக, "உனக்கும் ஒரு சேலை சொல்லிட்டேன்" என்றாய். கடைசி பெஞ்சிலிருந்து விசில் பறந்தது. "யாருக்கு, இவனுக்கா?" என்று ஒருவன் கேட்டான். அதோடாவது விட்டாயா? "அவனுக்கில்ல, அவளுக்கு" என்று வேறு சொல்லித் தொலைத்தாய். எனக்குப் பெரிய சந்தோஷத்தைக் கொடுப்பதாகத்தான் நீ நினைத்திருந்தாய்.

பஸ் ஊருக்குள் நுழைவதற்குள் செய்தி வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. அப்பா கத்தவில்லை. "படிச்சது போதும். நாளையிலருந்து காட்டு வேலையப் பாரு" என்றார். மிளகாய்க் காட்டில் களை வெட்டிக்கொண்டு கிடந்தேன். படிப்பு போயிற்று என்றே முடிவு கட்டிவிட்டேன். உன் போனை எடுக்கவில்லை. உன் மேல் அப்படி ஓர் ஆத்திரம்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் மாறி நீயே வந்து நின்றாய். முந்தின நாள் மழையில் கரிசல் அப்பி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாய். என்னிடம் வரவில்லை, நேரே அப்பாவிடம் போனாய்.

"அப்பா, உங்க பிள்ளை வாயத் தொறக்கல. என்னைய நம்பிச் சொன்னத நாந்தான் ஊரறியப் போட்டு உடைச்சேன். ஏசுறதா இருந்தா என்னைய ஏசுங்க. படிப்ப மட்டும் நிறுத்திப்புடாதீங்க."

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "ஊரு என்னம்மா சொல்லும்?"

"நிறுத்தினாலும் சொல்லத்தான செய்யும்? படிச்சு வேலைக்குப் போயிட்டா கொஞ்சம் மெதுவாச் சொல்லும்."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

பிறகுதான் என்னிடம் வந்தாய். "உனக்குத் தொணையா நிக்கேன்னு நெனச்சேன். உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணவே இல்லட்டி" என்றாய். பையன்களைக் கூப்பிடும் 'ஏலே'யை விட்டு, பெண்ணைக் கூப்பிடுவதுபோல் என்னை நீ 'ட்டி' போட்டது அன்றுதான் முதல் தடவை. அதையும் பக்கத்தில் யாரும் இல்லையே என்று பார்த்துவிட்டுத்தான் சொன்னாய். சேலைப் பையை என் மடியில் வைத்தாய். "கட்டணும்னா கட்டு. இல்லன்னா பெட்டியில கெடக்கட்டும். இனி உன்னையக் கேக்காம நான் ஒண்ணும் செய்ய மாட்டேன்."

மறுநாள் காலை மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டே அப்பா, "பஸ்ஸுக்கு நேரமாகலையா?" என்றார்.

அந்த வருடம் நான் சட்டைதான் போட்டு வந்தேன். நீ ஒன்றும் கேட்கவில்லை. உன் வாய் சும்மா இருந்த ஒரே பொங்கல் அது. அடுத்த வருடம் பொங்கலுக்கு முதல் நாள் நானே உனக்குப் போன் போட்டு, நீ கொடுத்துப் பெட்டியில் கிடந்த அந்த மாம்பழ நிறச் சேலையைக் கட்டப் போவதாகச் சொன்னேன். "இந்த வருசம் எல்லாரும் பச்சையில வருவாளுக. நானும் பழசையே கட்டிக்கிட்டு வரட்டா?" என்று கேட்டாய். நீ கேட்டது எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. பெண்கள் அறையில் இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனார்கள். மற்றவர்கள் நகர்ந்து கண்ணாடியில் எனக்கு இடம் விட்டார்கள். நீ கொசுவத்தை மடித்து, பல்லில் கடித்திருந்த ஊக்கை எடுத்துக் குத்தினாய். "புயலடிச்சாலும் நிக்கும், வா."

இப்போது நான் அதே கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். வாரத்தில் ஒரு மதியம் என் அறையில் சில பிள்ளைகள் சேர்ந்து சாப்பிடுவார்கள். பெண்ணை விரும்பும் பெண், ஆணை விரும்பும் ஆண், இருவரையும் விரும்புகிறவர்கள், என்னைப் போன்றவர்கள். யார் சொன்னதும் அந்த அறையைத் தாண்டாது.

இன்று ஊக்கு கேட்டு வந்தவன் அவர்களில் ஒருவன். உள்ளுக்குள் பையன், கல்லூரியில் பெண்ணாகச் சேர்த்திருக்கிறார்கள். வேட்டி சட்டையில் வந்து, இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். வேட்டி கட்டிய மாணவிகள் இன்று நிறையப் பேர், அதனால் யாரும் அவனை வித்தியாசமாகப் பார்க்கவில்லை.

"வீட்டுல தெரியுமா?"

"தெரியாது மேடம். பையில சுடிதார் இருக்கு."

வெளியே கல்லூரியின் ஃபேஸ்புக் பக்கத்தில் போடுவதற்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். படம் அவன் வீட்டுக்குப் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? போட்டோக்காரரிடம் சொல்ல விருட்டென்று எழுந்தேன். வாசல்வரை போனவள் நின்றேன். நீதான் நிறுத்தினாய்.

"உன் படத்தப் போட வேண்டாம்னு நான் போய்ச் சொல்லட்டுமா?"

யோசித்தான். "சொல்லுங்க மேடம். என் பேரு மட்டும் வேண்டாம்."

"யாரு படத்தையும் அவங்களக் கேக்காமப் போடக்கூடாதுன்னு பொதுவாச் சொல்லுதேன். சரியா?"

தலையாட்டிச் சிரித்தான். "ஊக்கை நான் குத்திவிடட்டா?" என்றேன். "நானே குத்திக்கிடுதேன் மேடம்" என்று வாங்கிக்கொண்டான். குத்தி முடித்ததும், அடுப்பு எரியும் பக்கம் இரண்டு கையையும் வீசிக்கொண்டு ஓடினான்.

வளையலில் ஓர் ஊக்கு குறைகிறது. நாளை கடைக்குப் போய் வாங்கிக் கோத்துவிடுவேன், ஏட்டி.