இருட்டு வாசலுக்குப் பிள்ளைகள் வருவதில்லை

அன்புள்ள மார்லீன்,

நான் சுகமாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா? ஒஹாயோவில் என் எலக்ட்ரிகல் கடை நன்றாகவே போகிறது.

நேற்று ஹாலோவீன். இந்த ஊரில் ஆறிலிருந்து எட்டு மணி வரைதான் பிள்ளைகள் பேய் வேஷம், சூனியக்காரி வேஷம் போட்டுக்கொண்டு மிட்டாய் கேட்டு வீடு வீடாக வருவார்கள். புதிதாக வந்தவன் கஞ்சன் என்று பெயரெடுத்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று பெரிய சாக்லேட்டாகவே வாங்கி வைத்தேன். ஏழரை வரை ஒருவரும் கதவைத் தட்டவில்லை. கடைசியில் எதிர்வீட்டு பெட்ரிக் அம்மாள் வந்து சத்தம் போட்டாள்.

“வாசல் லைட்டு எரியலையே! இருட்டா இருந்தா வராதேன்னுதானே அர்த்தம்? பிள்ளைங்க எப்படிய்யா வரும்? பல்பு விக்கிற ஆளு வீட்டுலயே பல்பு பியூஸா?”

சுவிட்சைப் போட்டதோடு சரி, வெளியே வந்து பார்க்கவில்லை. சமையலறை பல்பைக் கழற்றி வாசலில் மாட்டினேன். ஒரு கூட்டமே ஓடி வந்தது. சூனியக்காரி வேஷம் போட்ட குட்டிப் பெண் ஒருத்தி உள்ளே எட்டிப் பார்த்து, “இவ்ளோ பெரிய வீட்டுல நீங்க மட்டும்தானா?” என்றாள்.

“என் பொண்டாட்டி வரப்போறா” என்று சொல்லிவிட்டேன். இங்கே வர நீ இன்னும் சரியென்று சொல்லவில்லை என்பது அவளுக்கு எதற்கு?

குளிர் வந்துவிட்டது, தடித்த போர்வையை அனுப்பு. இல்லை, அனுப்பாதே, வரும்போது நீயே எடுத்து வா. கடை திறக்க நேரமாகிறது.

உன்
க்ளைட்