மலை வீட்டில் நான் மாற்றிய இணைப்பு

போன செவ்வாய்க்கிழமை உன் ஊர் முள்ளிப்பட்டிலிருந்து ஒருவர், சோலார் பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் வைக்கிற சார்ஜ் கன்ட்ரோலர் ஒன்றைப் பையில் போட்டு எடுத்துவந்து கடை மேசைமேல் வைத்தார். வயல் நடுவில் புதிதாக வீடு கட்டியிருக்கிறார். இன்னும் கரண்ட் கம்பி போகவில்லை. தறிக்கு மேலே எரியும் விளக்கும் ஃபேனும் சோலாரில்தான் ஓடுகின்றன. மூடியைக் கழற்றினேன். கருகிய போர்டின் வாடை, பிளாஸ்டிக்கும் ஈயமும் சேர்ந்து எரிந்த அந்த வாடை, முகத்தில் வந்து அடித்தது.

“பேனலுக்கு ஏத்த சைஸ் இல்லீங்க இது. சின்னது,” என்றேன்.

“வச்சவரு ஒரு வார்த்த சொல்லலியே. அவருக்குத் தெரியாதா, இல்ல தெரிஞ்சேதான் வச்சாரா?”

அவர் சும்மா கேட்டதுதான். எனக்கு ஸ்க்ரூடிரைவர் கையிலேயே நின்றுவிட்டது. பெரிய கன்ட்ரோலர் ஒன்றை மாற்றிப் பொருத்த மறுநாள் வருவதாகச் சொல்லி அவரை அனுப்பிவிட்டு, கடையை அப்படியே பூட்டினேன். எங்கே போனேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஆரணி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நாம் இரண்டு பேரும் கடை போட்டபோது எனக்கு பேட்டரி விற்கத் தெரியும், பேசத் தெரியும். உனக்குக் கணக்கு தெரியும். அரிசி ஆலைகளில் மோட்டார் பார்த்த கை உனக்கு. மலை ஊரிலிருந்து காளியப்பன் இறங்கிவந்து, அம்மாவுக்கு மூச்சு முட்டும்போது வைக்கிற ஆவி மிஷின் ஓட வேண்டும், நாலு விளக்கு எரிய வேண்டும், ஊருக்குள் கம்பியே கிடையாது என்று சொன்ன அன்றைக்கு, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நீ கணக்குப் போட்டாய்.

“பேனல் நாலு, ஆயிரம் வாட்ஸ் வருது. பேட்டரி இருபத்திநாலு வோல்ட். வகுத்தா நாப்பத்திரண்டு ஆம்ப்ஸ் கிட்ட வரும். அதோட கால் பங்கு சேத்துக்கோ, ஐம்பத்திரண்டு. அறுவது ஆம்ப்ஸ் கன்ட்ரோலர் வாங்கிடு.”

“அம்பது போதாதா?”

“போதாது. மேகம் விலகி பளிச்சுனு வெயில் அடிச்சா ஏறிப்பூடும்.” அப்புறம் பேனாவை மூடாமலே இன்னொன்றும் சொன்னாய். “ஆம்ப்ஸ் மட்டும் பாத்துட்டு வந்துடாத. இந்தக் கன்ட்ரோலர் நூத்தி அம்பது வோல்ட்டுக்கு மேல தாங்காது. குளிருல பேனலோட வோல்டேஜ் ஏறும். ஆரணி வெயில மனசுல வச்சுகினு மலைக்கு ஒயர் இழுக்காத. ரெண்டு ரெண்டா சேரு, நாலையும் ஒரே வரிசையா கோக்காத.”

நான் தலையாட்டினேன்.

பொருத்தப் போன நாளில் நீ வரவில்லை. உன் மாமனார் வீட்டில் காரியம். நான் மட்டும் ஜீப்பில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனேன். காளியப்பன் வீட்டுக் கூரை பேனலின் பாரத்தைத் தாங்காது என்பதால் வீட்டுக்குப் பின்னால் பாறைமேல் ஃபிரேம் அடித்தோம். அங்கிருந்து பேட்டரி வைத்த அறைக்குத் தூரம் அதிகம். இரண்டிரண்டாகச் சேர்த்தால் கரண்ட் கூடும், தடித்த ஒயர் வேண்டும். கொண்டுபோன தடித்த ஒயர் பாதி தூரம்கூட வரவில்லை. மெல்லிய ஒயர் ஒரு சுருள் முழுசாக இருந்தது. நாலு பேனலையும் ஒரே வரிசையாகக் கோர்த்துவிட்டால் அந்த மெல்லிய ஒயரே போதும். பேனலின் முதுகில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தேன். ஒரு பேனலுக்கு முப்பத்தேழு புள்ளி இரண்டு வோல்ட், வரிசையாகக் கோர்த்தால் அது கூடிக்கொண்டே போகும். நாலால் பெருக்கினால் நூற்று நாற்பத்தெட்டு புள்ளி எட்டு. நூற்று ஐம்பதுக்கு உள்ளேதானே இருக்கிறது என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடப் பொய். நீ சொன்னது அந்த நிமிஷம் நன்றாகவே ஞாபகம் வந்தது. இறங்கிப் போய் ஒயர் வாங்கிக்கொண்டு மறுபடி ஏறிவர எனக்குச் சலிப்பாக இருந்தது, அவ்வளவுதான். கோர்த்துவிட்டேன். விளக்கு எரிந்தது. காளியப்பனின் அம்மா மிஷினைக் காதருகே வைத்துச் சத்தம் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

மறுநாள் கடையில் நீ கேட்டாய். “ரெண்டு ரெண்டாதான சேத்த?”

“ஆமா,” என்றேன்.

மார்கழி வரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு நாள் விடியற்காலைப் பனி மொத்தமாக விலகி, ஜில்லென்று கிடந்த பேனல்கள்மேல் வெயில் நேராக விழுந்திருக்கிறது. வோல்டேஜ் நூற்று ஐம்பதைத் தாண்டியிருக்கிறது. கன்ட்ரோலர் கருகிப்போனது அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. பேட்டரியில் இருந்தது ஒரு நாள் ஓடித் தீர்ந்தது. அதே குளிர் அந்தம்மாவின் நெஞ்சையும் அடைத்தது. மறுநாள் மிஷின் ஓடவில்லை. கயிற்றுக் கட்டிலோடு தூக்கிவந்து, ரோட்டில் ஜீப்புக்காகக் காத்திருந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் காளியப்பன் நமக்குப் போன் செய்தார்.

நீயும் நானும் போனோம். நீ கன்ட்ரோலரின் மூடியைக் கழற்றினாய். பிறகு ஒயரைப் பிடித்துக்கொண்டே பாறை வரைக்கும் நடந்தாய். பேனல்களின் பின்பக்கம் குனிந்து பார்த்தாய். நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன்.

“யாரு பண்ணதுய்யா இந்தத் தப்பு? எங்கம்மா செத்திருப்பாங்கய்யா!” காளியப்பன் கத்திக்கொண்டே வந்தார்.

நீ ஒரு நொடி நின்றாய். அந்த ஒரு நொடியை எனக்காக விட்டாய் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

“கணக்கு போட்டது நான்தாங்க. தப்பு என்னுதுதாங்க,” என்றாய்.

அவர் உன் சட்டையைப் பிடித்தார். சொல்லக் கூடாததெல்லாம் சொன்னார். கடைசியில், “நீ இனிமே இந்தப் பக்கமே வராத. இவரு வந்து சரி பண்ணட்டும்,” என்று என்னைக் காட்டினார்.

என்னைக் காட்டினார். கீழே இறங்கும் பஸ்ஸில் நீ ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாய். படவேடு தாண்டிய பிறகு ஒரே ஒரு வார்த்தை. “அடுத்த தடவ ஒயர் பத்தலன்னா போன் பண்ணு.” மறுநாள் தடித்த ஒயரை நீயே அளந்து வெட்டி, எந்த முனை எங்கே போக வேண்டும் என்று தாளில் வரைந்து என் கையில் கொடுத்தாய். நான் போய்ப் புதுக் கன்ட்ரோலரோடு சரியாக மாட்டிவிட்டு வந்தேன். காளியப்பன் எனக்குத் தேன் கொடுத்து அனுப்பினார்.

அந்தத் தேனை உன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

மலையில் பேச்சு பரவியது. வேலை கேட்டு வந்தவர்கள் என்னையே கேட்டார்கள். “அவரு வேணாங்க, நீங்க வாங்க” என்று நீ இருக்கும்போதே சொன்னார்கள். நீ எழுந்து டீ குடிக்கப் போவாய். அடுத்த சித்திரையில் செய்யாரில் கம்பெனி வேலை கிடைத்துவிட்டது என்றாய். நான் தடுக்கவில்லை. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வரும்போது எப்போதாவது கடை வாசலில் இறங்கி இரண்டு நிமிஷம் பேசுவாய். இப்போது என்ன வேலை, எத்தனை வாட்ஸ், என்ன கன்ட்ரோலர் போட்டாய் என்று கேட்பாய். நான் சொல்வேன். அதை மட்டும் சொல்ல மாட்டேன். போன வருடம் அந்த பஸ்ஸிலிருந்து இறங்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன்தான், நீ எழுந்திருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கடையைப் பூட்டிவிட்டு உன் வீட்டுக்குத்தான் போனேன். உன் மனைவி செல்வி தறியில் இருந்தது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஒயர் பத்தாததிலிருந்து, உன்னிடம் “ஆமா” என்று சொன்னதிலிருந்து, வாய் திறக்காமல் நின்றது வரைக்கும். செல்வி தறியை விட்டு இறங்கவில்லை, நூலிலிருந்து கையை மட்டும் எடுத்தது.

“தெரியும்ணா. அன்னிக்கே சொல்லிட்டாரு.”

தறியின் ஓரத்துக்குப் போய்க் கேட்டேன்.

“ஏம்மா என்ன ஒண்ணுமே கேக்கல?”

“கேக்காதன்னு சொல்லிட்டாரு. நீங்களே ஒரு நாள் வந்து சொல்லுவீங்கன்னு பாத்துகினு இருந்தாரு. கோவம்லாம் இல்லண்ணா அவருக்கு. பஸ்ஸ விட்டு உங்க கடைல எறங்கிட்டு வர்ற அன்னிக்கெல்லாம் நான் அவரு மூஞ்சப் பாப்பேன். இன்னிக்கும் சொல்லலன்னு எனக்குத் தெரிஞ்சிடும்.”

செல்வி தறியை விட்டு இறங்கியது. உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தது. நான் குடித்தேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போனேன். காளியப்பன் வாசலிலேயே கட்டிலைப் போட்டு உட்காரச் சொன்னார். நான் உட்காராமல் சொன்னேன். நீ இப்போது இல்லை என்பதையும் சொன்னேன். அது அவருக்குத் தெரியாது. அவருடைய அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

“எந்த ஆளுடா? ஆஸ்பத்திரிக்கு வந்தாரே, அவரா?”

காளியப்பன் திரும்பிப் பார்த்தார். “எப்பமா வந்தாரு?”

“நீ சாப்பிடப் போயிருந்த. ரொட்டி வாங்கினு வந்தாரு. பக்கத்துல உக்காந்து, மிஷினு திரும்ப ஓடும், பயப்படாதீங்கன்னாரு. உங்கிட்ட சொல்ல வேணாம், நீ கோவத்துல இருக்கறன்னாரு.”

எனக்கும் அது தெரியாது. நீ போனதை என்னிடமும் சொன்னதில்லை.

காளியப்பன் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. அவர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, தன் இரண்டு கைகளையும் பார்த்தார். உன் சட்டையைப் பிடித்த கைகள். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“நான் யாரு கிட்டய்யா போயி மன்னிப்பு கேப்பேன்? அதுக்குக்கூட ஆளு இல்லாம பண்ணிட்டியே.”

இணைப்பில் விட்ட பிழையை ஒயரும் கன்ட்ரோலரும் மாற்றிச் சரிசெய்தாயிற்று. நான் பேசாமல் இருந்த அந்த வருடங்களை எதை மாற்றியும் சரிசெய்ய முடியாது. காளியப்பன் சொன்னது அப்படியே எனக்குள் இருக்கிறது, இருக்கட்டும் என்றுதான் விட்டிருக்கிறேன்.

கிளம்பும்போது அவர் பின்னாலேயே ரோடு வரைக்கும் வந்தார். உன் வீடு எங்கே இருக்கிறது என்று கேட்டார். முள்ளிப்பட்டு என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறாராம். “வழி தெரியாது, நீதான் கூட வரணும்,” என்றார் என்னிடம்.

வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.