மாப்பிள்ளை நாரை பிடிக்கிறார்

நன்னிலம் அருகே,
8-3-2025

அன்புள்ள ஆல்பின் தம்பிக்கு,

லின்சியின் அம்மா சவரியம்மாள் எழுதுவது. நானும் லின்சியும் கோழிகளும் சுகம். வான்கோழிக்கு மட்டும் கொஞ்சம் திமிர் கூடியிருக்கிறது.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்க வேண்டாம். தவக்காலத்துக்கு ஊரில் எல்லோரும் கறியை விட்டார்கள், நான் போனை விட்டேன். ஈஸ்டர் வரை பீரோவுக்குள் கிடக்கட்டும் என்று பூட்டிவிட்டேன். அடுத்த நாளே என் தம்பி குழந்தைராஜ் வந்து ஒரு சேதி சொல்லிவிட்டுப் போனான். நீடாமங்கலம் பக்கம் போனவன் உங்களைப் பார்த்தானாம். "அக்கா, மாப்பிள்ளை விடியக்காலையில ஏரிக்கரையில நாரை புடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. அது தலையில சாக்ஸ் மாட்டியிருக்காரு" என்கிறான்.

பெண் பார்க்க வந்தபோது வனவிலங்கு ஆராய்ச்சி என்றீர்கள். நானும் புலி, யானை என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிவைத்துவிட்டேன். கொக்கு பிடித்து ரோட்டோரம் விற்பவர்களைப் போலீஸ் ஏற்றிக்கொண்டு போவதை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு இருப்பது ஒரே மகள். ஈஸ்டர் முடிந்ததும் கோயிலில் கல்யாண ஓலை வாசித்துத் தடை உண்டா என்று கேட்கப் பங்குச் சாமியாரிடம் உங்கள் இருவர் பெயரையும் கொடுக்க வேண்டும். கொடுக்கலாமா வேண்டாமா என்பதை உங்கள் பதிலைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன். லின்சியைக் கேட்டால் உங்களுக்கு வக்கீல் மாதிரி பேசுகிறாள்.

இப்படிக்கு,
லின்சியின் அம்மா

*

ஏரிக்கரை முகாம், நீடாமங்கலம்,
13-3-2025

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

ஆல்பினின் வணக்கம். மாமா பார்த்தது உண்மை. நாரையும் உண்மை, சாக்ஸும் உண்மை. துவைத்த சாக்ஸ்தான். கண்ணை மறைத்தால் பறவை பதறாது.

நத்தைகுத்தி நாரைகளை அரசு அனுமதியோடு பிடித்து, முதுகில் தீப்பெட்டி அளவுள்ள கருவி ஒன்றை வைத்து, பள்ளிக்கூடப் பை மாதிரி பட்டை போட்டுக் கட்டிப் பறக்கவிடுகிறோம். அது எந்த வயலில் மேய்கிறது, எந்த ஊருக்குப் போகிறது என்று கருவி சொல்லிவிடும். விற்பதும் இல்லை, தின்பதும் இல்லை.

கட்டுகிறோம் என்று எழுதிவிட்டேன். உண்மையில் நான் இன்னும் கட்டவில்லை, பிடித்துக்கொள்வதோடு சரி. கட்டச் சொல்லித்தருபவர் ஆயிஷா. என்னைவிட நான்கு வயது சின்னவர், கோபத்தில் பெரியவர். அறுவடையான வயலில் வாத்து மேய்க்கும் அமிர்தலிங்கத்திடம் போய், பொம்மைக் கருவியை வாத்துக்குக் கட்டிப் பழகச் சொன்னார். முதல் வாத்துக்குத் தொளதொளவென்று கட்டிவிட்டேன், அது பட்டைக்குள் காலை விட்டுக்கொண்டு விழுந்தது. அடுத்ததுக்கு இறுகிவிட்டது. நடக்கவே மாட்டேன் என்று உட்கார்ந்து, ஜாக்கெட்டை அளவு தப்பித் தைத்த டெய்லரைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தது. மூன்றாவது அழகாக அமைந்தது. அந்தச் சந்தோஷத்தில் கையை விட்டுவிட்டேன், அது போய் மந்தையில் கலந்துவிட்டது. இறகுக்குள் பை தெரியாது, பொம்மைக் கருவிக்கு வாயும் கிடையாது. பொழுது சாயும்வரை அமிர்தலிங்கமும் நானும் ஒவ்வொரு வாத்தாகத் தூக்கித் தடவிப் பார்த்தோம். அவர் எங்களோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

பறவைகள் கிளம்பிப் போவதற்குள் ஒரு நாரைக்காவது நானே கட்டிவிட்டால் வேலை நிலைக்கும். மறைக்க எதுவும் இல்லை அத்தை.

அன்புடன்,
ஆல்பின்

*

நன்னிலம் அருகே,
22-3-2025

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. வாத்துக் கதையைப் படித்துச் சிரித்ததில் அடுப்பில் பால் பொங்கிப் போய்விட்டது.

ஆனால் கேட்டதை அப்படியே நம்புகிறவள் இல்லை நான். பழைய பாவாடையிலிருந்து எலாஸ்டிக்கை உருவி, ஒரு தீப்பெட்டியை நம் வான்கோழி முதுகில் கட்டிப் பார்த்தேன். எனக்குச் சரியாகத்தான் வந்தது. வான்கோழிக்குத்தான் மானம் போய்விட்டது. இறகை விரித்துக்கொண்டு வாசலைத் தாண்டி, உளுந்து வயலைத் தாண்டி, நேராக மாதா கோயிலுக்குள் ஓடிவிட்டது. நேற்று வெள்ளிக்கிழமை, உள்ளே சிலுவைப்பாதை செபம் நடக்கிறது. எல்லோரும் முழங்காலில் இருக்க, இது மட்டும் நடுவில் நடந்து போகிறது. சாமியார் பிடித்துத் தீப்பெட்டியைத் திறந்தார், இரண்டு குச்சி இருந்தது. உடனே பின்னால் இருந்து செய்வினை என்று ஒரு முணுமுணுப்பு. குழந்தைராஜ் வேறு, "எங்க அக்கா வீட்டு வான்கோழி சாமி" என்று எடுத்துக் கொடுக்கிறான்.

வேறு வழியில்லாமல் எழுந்து நின்று சொன்னேன்: "இது எங்க மாப்பிள்ளை பாக்குற வேலை சாமி. சரியா வருமான்னு நானும் கட்டிப் பாத்தேன்."

மாப்பிள்ளை என்று ஊரறிய எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. அதை வைத்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள். ஒரு நாரைக்குக் கட்டி வேலையை நிலைக்க வையுங்கள். பிறகு பெயர் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
சவரியம்மாள்

*

ஏரிக்கரை முகாம்,
12-4-2025

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

என் முறை வந்தது, போயும்விட்டது.

வியாழக்கிழமை ஒரு நாரை சிக்கியது. நானே கட்டினேன். ஆயிஷா பட்டைக்குள் விரல் விட்டுப் பார்த்துச் சரி என்று தலையாட்டினார். வலைக்கூண்டில் விட்டுச் சற்று நேரம் பார்ப்பது வழக்கம். அது சத்தம் போடவில்லை, பட்டையைக் கொத்தவில்லை, சும்மா நின்றது. சாதுவான பறவை என்று எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் இடது சிறகு கொஞ்சம் தொங்குகிற மாதிரி பட்டது. போகப் போகப் பழகிவிடும் என்றார்கள். கட்டியவர் நீங்கள், நீங்களே முடிவு செய்யுங்கள் என்றார் ஆயிஷா.

பட்டையையும் கருவியையும் அவிழ்த்துவிட்டேன். அது ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கிழக்கே பறந்து போய்விட்டது. அதற்குப் பிறகு வலையில் எதுவும் சிக்கவில்லை. நேற்றோடு அனுமதியும் முடிந்தது. இன்னும் ஒரு வருடம் நான் பறவையைப் பிடித்துக் கொடுக்கிறவன்தான், அதுவும் அவர்கள் வைத்துக்கொண்டால். லின்சியிடம் இன்னும் சொல்லவில்லை. பெயர் கொடுப்பது உங்கள் விருப்பம். வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆல்பின்

*

நன்னிலம் அருகே,
28-4-2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் கோபம்தான் வந்தது. கட்டியதை அப்படியே விட்டிருந்தால் வேலை நிலைத்திருக்கும். கட்டிவிட்டேன் என்று எனக்கு ஒரு பொய் எழுதியிருந்தால்கூட நான் என்ன நாரையிடம் போயா விசாரிக்கப் போகிறேன்? இரண்டும் செய்யாத மனுஷரை என்ன செய்வது என்று லின்சியைக் கேட்டேன். "கட்டிக்க வேண்டியதுதாம்மா" என்கிறாள். வெட்கமே இல்லை.

ஈஸ்டருக்கு மறுநாளே பெயர் கொடுத்துவிட்டேன். நேற்று முதல் ஓலை வாசித்தார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று சாமியார் நிறுத்திய இடத்தில் குழந்தைராஜ் இருமினான். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நானும் பார்த்தேன். தொண்டை சரியில்லை என்று சைகை காட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டான்.

போன் பீரோவிலிருந்து வெளியே வந்துவிட்டது. ஆனாலும் இதைப் பேச்சில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். லின்சிக்கு வாய் அதிகம் என்று உங்களுக்குத் தெரியும். சண்டை போடுவாள், தட்டைத் தூக்கிப் போடுவாள், அதற்கெல்லாம் நீங்கள் பயப்பட வேண்டாம். உண்மையாகவே வலித்தால் அவள் பேசமாட்டாள். அவள் அப்பா தவறியபோது எட்டு நாள் சத்தமே இல்லை. தைரியமான பிள்ளை என்று ஊரே மெச்சியது. நான் பெற்றவள் என்பதால் எனக்குத் தெரிந்தது. போகிற இடத்தில் யாருக்குத் தெரியும் என்பதுதான் இத்தனை நாள் என் கவலை. மற்றபடி உங்கள் வேலையில் எனக்கு ஒன்றும் இல்லை.

சத்தம் போடாத அந்த நாரையை நீங்கள் அவிழ்த்துவிட்டீர்களே, இனி நிம்மதியாகத் தூங்குவேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாருங்கள்.

உங்கள் அத்தை,
சவரியம்மாள்