கற்பூரவள்ளிக்கு இருபது நிமிடம்

நாள் 211, 06:10
செவ்வாய், இரண்டாம் நிலையம். எழுதுவது மருத்துவர் மங்கையர்க்கரசி. ஆட்கள் இருவர்: மேல்தளத்தில் நான், கீழ்த்தளத்தில் பொறியாளர் லூர்து. தளத்துக்குத் தளம் காற்று தனி. முழங்கால் வலியால் நான் ஏணி இறங்குவதில்லை, பேச்செல்லாம் இன்டர்காமில்தான். கீழே கழிவுத்தொட்டியில் அழுகிய முட்டை நாற்றமாம், மூடியை இறுக்குகிறார். வாயு அளக்கும் கருவி பழுதாகி ஒரு வாரம்.

தலைமையகத்தின் புது உத்தரவு: மனநலத்துக்காகத் தினமும் இருபது நிமிடம் இயற்கையோடு இருக்க வேண்டுமாம். எங்களிடம் உள்ள இயற்கை, கீழே ஒரு தொட்டி கற்பூரவள்ளி. சிரித்துக்கொண்டே லூர்துக்கு எழுதி அனுப்பினேன்: கண்ணை மூடுங்கள், மண்ணைத் தொடுங்கள், இலையைக் கசக்கி முகருங்கள்.

நாள் 214, 20:00
சிரித்தது தப்பு. மூன்று மாதமாக வேலை தவிர வேறெதற்கும் வாயே திறக்காத மனிதர், தூத்துக்குடியில் மகளுக்குச் சளி பிடித்தால் இந்த இலையைத்தான் வாட்டிப் பிழிவார்கள் என்று சொல்லி அழுதார். நானும் அழுதேன். எனக்கும் ஒரு கிளையைச் சாப்பாட்டு லிஃப்டில் அனுப்பினார். இருபது நிமிடத்தை ஒரு மணி நேரமாக்கினேன்.

நாள் 217, 19:30
நாற்றம் போய்விட்டதாம். நிம்மதி. அவருக்குத் தலைவலி, கண் எரிச்சல். தூக்கக் குறைவு என்று குறித்தேன். செடிக்குப் பக்கத்திலேயே தரையில் படுக்கச் சொன்னேன்.

நாள் 218, 13:40
லூர்து: "டாக்டர், எலயில வாசமே இல்ல. செடிக்கு என்னமோ ஆயிட்டு."
வெளிச்சம் போதாமல் இருக்கும், இன்னும் நன்றாகக் கசக்குங்கள் என்றேன்.

13:52
என் கிளையைக் கசக்கிப் பார்த்தேன். வாசனை ஆளைத் தூக்குகிறது. செடிக்கு ஒன்றுமில்லை, அவர் மூக்குதான் மரத்துவிட்டது. அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவுடையது; அது கூடினால் முதலில் மூக்கைத்தான் கொல்லும். கல்லூரியில் படித்தது. காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும். அங்கேதான் படுக்கச் சொன்னேன்.

13:54
மேலே வரச் சொல்லிக் கத்தினேன்.
லூர்து: "கொஞ்சம் பொறுங்க டாக்டர். நீங்க சொன்ன ஒரு மணி நேரம் இன்னும் முடியல."

13:57
பதில் இல்லை. முகமூடி ஒன்று இருக்கிறது. இறங்குகிறேன்.

14:31
செவ்வாயில் எடை குறைவு, ஏணியில் இழுத்து மேலே கொண்டுவந்துவிட்டேன். நாடி இல்லை. அரை மணி நேரம் நெஞ்சை அழுத்தினேன் என்று எழுத ஆசை. எட்டு நிமிடத்தில் கை ஓய்ந்துவிட்டது. செடியில் ஓர் இலைகூட மிச்சமில்லை, எல்லாவற்றையும் கசக்கியிருக்கிறார். நான் சொன்னேன், அவர் செய்தார்.

14:50
மகளுக்கு நான்தான் எழுத வேண்டும். உட்கார்ந்துவிட்டேன். அவள் பெயரை நான் கேட்கவே இல்லை.